மாமனார் பெயர்

பெயர் சூட்டிய அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆவுடையப்ப பிள்ளை, அவர் தங்கை கோமதி, மகன் நெல்லைநாயகம், மிசோரத்திலிருந்து வாழவந்த மருமகள் ரின்புயி, தொட்டிலில் குழந்தை. தாத்தா பெயரைத் தாங்குகிறவன்தானே பேரன்? பிள்ளை குனிந்து தம் பெயரையே குழந்தையின் காதில் மூன்று முறை சொன்னார்.

மறுநாள் காலையில் ரின்புயி அடுக்களையில் நின்றபடி, "ஆவுடையப்பா! ஏ, ஆவுடையப்பா!" என்று குழந்தையைக் கொஞ்சினாள். கோமதி பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஏட்டி, மாமனார் பேரை மருமக வாயால சொல்லலாமா? ராசான்னு கூப்பிடு. எங்க மதினி சாகுற வரைக்கும் அண்ணன் பேரைச் சொன்னதில்ல, தெரியுமா?"

"கூப்பிடக் கூடாதா? அப்போ பேரு எதுக்கு அத்தை?"

கோமதி, கூடத்தில் நின்றிருந்த அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். குடும்ப மரியாதை என்று வந்துவிட்டால் யாருக்கும் வளைந்து கொடுக்காத மனிதர். அவர் ஒரு சொல் சொன்னால் போதும், அந்தப் பெயர் அந்த வீட்டில் அதோடு ஒலிக்காது. பிள்ளை தடுக்காமல், அடுக்களைப் பக்கம் இன்னும் ஓரடி நகர்ந்து நின்றார். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட தாயும் கூட்டாளிகளும் போய்ச்சேர்ந்து வெகுகாலமாயிற்று. இப்போது வீட்டிலும் தெருவிலும் அவர் வெறும் ஐயாதான்.

அன்று சாயங்காலமே மாடியிலிருந்த தம் கட்டிலை, அடுக்களையை ஒட்டிய பின்னறைக்கு இறக்கச் சொன்னார்.

மருமகள்மேல் கோபித்துக்கொண்டு பிள்ளை பின்னறையில் போய் முடங்கிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். மாடியறைக்கு அடுக்களைச் சத்தம் கேட்காது.