ஹெர் மோசரின் பேஸ்போல் உறைகள்

"அண்ணை, சட்டைக்குள்ளை என்னத்தை ஒளிக்கிறியள்?"

ஜெயமலர் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

பாலேந்திரன் சட்டையை இழுத்துவிட்டார். "ஒண்டுமில்லை, பிள்ளை."

"நான் கண்டனான். ஹெர் மோசரின்ரை உறை."

சுவிஸ் நகரமான ஓல்டனில் இருக்கும் ஒரு முதியோர் இல்லத்தில் ஜெயமலருக்குப் பராமரிப்பு வேலை. பாலேந்திரன் அறைகள் துப்புரவாக்குகிறவர். அங்கே தங்கியிருக்கும் ஹெர் மோசர், அதாவது மோசர் ஐயா, இளமையில் சிகாகோவில் பேக்கரி வேலை செய்தவர். அங்கே பிடித்த பேஸ்போல் பைத்தியம் எண்பது வயது தாண்டியும் விடவில்லை.

அமெரிக்காவில் பேஸ்போலுக்கு ஒரு தபால்தலை வந்தால், அது வெளியான முதல்நாள் சீல் குத்திய தபால் உறையை எப்படியாவது தருவித்துவிடுவார். 1939ல் கூப்பர்ஸ்டவுனில் வெளியான பேஸ்போல் நூற்றாண்டு உறைகூட அவரிடம் இருந்தது.

"அவர்தான் தந்தவர்" என்றார் பாலேந்திரன்.

"அவருக்கு இண்டைக்கு என்ன கிழமையெண்டே தெரியாது. அந்த மனிசனிட்டை வாங்கலாமோ?"

"தாறார், வாங்கிறன். ஆருக்கும் சொல்லாதைங்கோ."

அந்தக் கடைசி வார்த்தைதான் ஜெயமலரை உறுத்தியது. அங்கே இருப்பவர்களிடம் வேலையாட்கள் எதையும் வாங்கக்கூடாது. பாலேந்திரனுக்குத் தெரியாத சட்டமில்லை.

அடுத்த புதன்கிழமை மோசரின் கதவு பாதி திறந்திருந்தது. ஜெயமலர் வெளியே நின்றாள்.

மோசரின் மடியில் அல்பம். சுவரில் சாத்திய துடைப்பம். பக்கத்துக் கதிரையில் பாலேந்திரன்.

"கறுப்பு வீரர்களைப் பெரிய லீக்கில் சேர்க்கவில்லை" என்றார் மோசர்.

"அப்ப அவை என்ன செய்தவை?"

"தாங்களே ஒரு லீக் தொடங்கினார்கள். ஹோட்டலில் அறை கொடுக்க மாட்டார்கள். பஸ்ஸிலேயே படுத்தெழும்பி ஊர் ஊராகப் போய் விளையாடினார்கள். பிறகு வெள்ளைக்காரரே டிக்கெட் எடுத்துப் பார்க்க வந்தார்கள்!"

"எங்கடை ஊரிலையும் எல்லே எண்டு ஒரு விளையாட்டு இருக்கு. இதுமாதிரித்தான், பொல்லாலை அடிச்சிட்டு ஓடுறது."

மோசர் சிரித்தார். அல்பத்திலிருந்து ஓர் உறையை உருவினார். அந்தக் கறுப்பு வீரர்களுக்காக 2010ல் கன்சாஸ் சிட்டியில் வெளியிட்டது.

"இது உமக்கு."

பாலேந்திரன் இரண்டு கையாலும் வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு மனிதன் வாழ்நாளெல்லாம் சேர்த்தது இப்படிக் கரைகிறதே! ஜெயமலரால் பொறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை காலை இல்லப் பொறுப்பாளரான ஃப்ராவ் ஸ்டெட்லர் அம்மாவிடம் சொல்லிவிட்டாள்.

ஃப்ராவ் ஸ்டெட்லர் இருவரையும் கூப்பிட்டார்.

"ஹெர் மோசரிடம் உறைகள் வாங்கினீர்களா?"

"ஓம்" என்றார் பாலேந்திரன்.

"வேலை போகும் என்று தெரியுமா?"

"தெரியும். அவருக்கு முன்னாலை மட்டும் விசாரிக்க வேண்டாம்."

மோசர் சாப்பாட்டு அறையில் இருந்த நேரம் மூவரும் அவருடைய அறைக்குப் போனார்கள். ஃப்ராவ் ஸ்டெட்லர் அல்பத்தைப் புரட்டினார்.

ஒரு பக்கமும் வெறுமையாக இல்லை. கூப்பர்ஸ்டவுன் உறை இருந்தது. புதன்கிழமை கொடுத்த கன்சாஸ் சிட்டி உறையும் இருந்தது!

ஜெயமலருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"முதல்தரம் வேண்டாமெண்டுதான் சொன்னனான்" என்றார் பாலேந்திரன் தலையைக் குனிந்துகொண்டு. "'என்னட்டை வேறை என்ன இருக்கு, உமக்குத் தர?' எண்டு கேட்டிட்டு அண்டைக்கு முழுக்க ஒண்டும் சாப்பிடேல்லை. அதுக்குப் பிறகு வாங்கிறன். அடுத்தநாள் அறை துடைக்கேக்கை திருப்பி வைச்சிடுவன். அவருக்கு மறந்துபோகும். திரும்பவும் தருவார். தரேக்கை அந்த முகத்தை ஒருக்காப் பாக்க வேணும் நீங்கள்."

ஃப்ராவ் ஸ்டெட்லர் அல்பத்தை மூடி மேசையில் வைத்தார்.

"சட்டப்படி இதுவும் பிழைதான்" என்றார். "ஆனால் நான் இன்றைக்கு இந்த அறைக்கு வரவில்லை."

அவர் போனதும் ஜெயமலர் பாலேந்திரனுக்குக் கிட்ட வந்தாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை."

"இதிலை என்ன மன்னிப்பு? நான் கண்டிருந்தாலும் போய்ச் சொல்லித்தான் இருப்பன்" என்று சொல்லிவிட்டு, பாலேந்திரன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

சாப்பாடு முடிந்து ஜெயமலர்தான் மோசரைச் சக்கர நாற்காலியில் அழைத்துவந்தாள். மேசையில் கிடந்த அல்பத்தை அவர் கண்டுவிட்டார்.

"அன்றைக்கு நீங்கள் கதவடியில் நின்றதைக் கண்டேன். விசாரணை முடிந்ததா? பாலேந்திரனுக்கு வேலை இருக்கிறதல்லவா?"

ஜெயமலர் திடுக்கிட்டாள். "உங்களுக்கு… எல்லாம் தெரியுமோ?"

"சாப்பிட்டது மறக்கும். என் பிள்ளைகளின் பெயர்கூடச் சிலநேரம் மறக்கும். பேஸ்போல் மறக்குமா?"

"திருப்பி வைக்கிறார் எண்டு தெரிஞ்சும் ஏன் திரும்பத் திரும்பக் குடுக்கிறியள்?"

"விடிய முதலே வேறோர் இடத்தில் துப்புரவு வேலை செய்துவிட்டுத்தான் அந்த மனிதன் இங்கே வருகிறான். 'கொஞ்சம் இரும்' என்றால் இருக்கமாட்டான். மறதிக்காரக் கிழவன் உறை தந்தால்தான், மனம் நோகக்கூடாது என்று பத்து நிமிஷம் கதிரையில் இருக்கிறான்."

மோசர் அல்பத்தை மடியில் வைத்துத் திறந்தார்.

"ஒரேயொரு கரைச்சல். வருஷ ஒழுங்கு தெரியாமல் கண்ட இடத்தில் செருகிவிடுகிறான். அவன் போனபிறகு நான்தான் எல்லாவற்றையும் எடுத்துச் சரியாக அடுக்குகிறேன். அதைமட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள்."