கடைவீதியின் தங்கை

ஊரைச் சுற்றிப் போகும் ரிங் ரோடு, பழைய கடைவீதி வந்து சேரும் முக்கில் அலுத்துக்கொண்டது. "மூச்சு விட முடியலக்கா. லாரி, பஸ், கார்னு எந்நேரமும் என் மேலதான். காதே அடைச்சுப் போச்சு."

கடைவீதி சிரித்தது. "நானும் இப்படித்தான் புலம்பினேன். உன்னைப் போடச் சொல்லி என் கடைக்காரங்க மறியலே பண்ணினாங்க. நீ வந்த அன்னிக்குப் பட்டாசு வெடிச்சாங்க."

"அப்புறம் என்ன, நிம்மதிதானே?"

"நிம்மதிதான். முன்னெல்லாம் யார் புது லாரி வாங்கினாலும் என் பிள்ளையார் முன்னாடி நிறுத்தி, டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கிட்டுத்தான் கிளம்புவாங்க. அந்த வாசனை சாயங்காலம் வரைக்கும் இருக்கும். இப்போ பிள்ளையார் ஒரு லாரியைப் பார்த்தே வருஷமாச்சு."

ரிங் ரோடு அதைக் காதில் வாங்கவில்லை. தூரத்து வயலில் புதிதாக நட்டிருந்த மஞ்சள் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தது. "அதோ பாருக்கா, அளவுக்கல்! எனக்கு வெளியே இன்னொரு ரிங் ரோடு வரப்போகுது. வண்டியெல்லாம் அங்கே போயிடும். அப்பாடா!"

கடைவீதி மெதுவாகச் சொன்னது: "இந்த ஹாரன் சத்தத்தை நல்லாக் கேட்டு வெச்சுக்கோடி. பின்னாடி மனசு தேடும்."