ஆறாவது கணக்குப் பெட்டி

என் மனைவி ஜனெல் அந்தப் பெட்டியைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தாள். இடமில்லை என்று என் சூப் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு வைத்தாள்.

"இதுதான், கர்ட்டிஸ். இதுக்கு மேல ஒண்ணு கிடையாது," என்றாள்.

இதே வசனத்தை இதே மேசையில் ஐந்து முறை கேட்டாகிவிட்டது.

பெயருக்குத்தான் அது சாப்பாட்டு மேசை. நாங்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுகிறோம். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்கப் பாடப்பெட்டிகள். கிழமைக்கு ஒரு நிறத்தில் இழுப்பறை. எதைக் கண்டாலும் பெயர்ச்சீட்டு ஒட்டிவிடுவாள். என் ஷேவிங் டப்பாவையும் விடவில்லை.

பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கிற குடும்பங்கள் எங்கள் ஊரில் ஏராளம். மே மாதம் வந்தால் சர்ச் கூடத்தில் பழைய பாடப்பெட்டிகளை வாங்கி விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூனை மாதிரி உட்கார்ந்திருக்கிற பெண்கள், அன்றைக்கு மட்டும் முழங்கையால் இடித்துக்கொண்டு ஓடுவார்கள். ஜனெல் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடி, இந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். யாரோ நீலத் தாள் சுற்றி, நான்கு பக்கமும் டேப் ஒட்டிய பெட்டி; அடி மூலைகள் மட்டும் வெளியே தெரிந்தன.

எல்லாம் எங்கள் மகள் டாபிதாவுக்காக. எட்டு வயது. புத்தகம் கொடுத்தால் சோறு தண்ணி வேண்டாம். கணக்கு என்றால் அழுகை.

அவளுக்காகப் பாட்டுப் பாடி வாய்ப்பாடு சொல்லித்தருகிற பாடம் ஒன்று வந்தது. ஒரு நரி கதை சொல்லிக்கொண்டே கழித்தல் கற்றுத்தந்தது. கம்ப்யூட்டரில் ஒரு ஆள் காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். எதுவும் மூன்று மாதம் தாண்டவில்லை. யாராவது ஒருத்தி போனில் "உன் பொண்ணுக்கு அது சரிப்படாதுடி" என்றால் போதும், மறுவாரம் பழையது வெளியே, புதியது உள்ளே.

நானும் எவ்வளவுதான் பொறுப்பது? போன மாதம் சொல்லிவிட்டேன். கோடை முடியட்டும். ஆகஸ்டிலும் அழுதால் மஞ்சள் பஸ் ஏறி ஸ்கூலுக்குப் போகட்டும்.

ஜனெல் ஒரு வாரம் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். பிள்ளையை வீட்டில் படிக்கவைக்கத்தான் வேலையையே விட்டவள். பஸ் வாசலில் வந்து நின்றால் அவளால் தாங்கிக்கொள்ள முடியாது. அது எனக்கும் தெரியும். அதற்காக எரிச்சல் வராமல் இருக்குமா?

"உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"மரக்கட்டைங்க. ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும், நம்பருக்கு ஒரு கலர், நம்பருக்கு ஏத்த நீளம். குழந்தை தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கத்துக்கும். முழு செட்டு. ஒரு கட்டைகூடக் குறையலைன்னு வித்த அம்மா சத்தியம் பண்ணினா."

டாபிதா ஐஸ் குச்சியைச் சப்பிக்கொண்டே உள்ளே வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஆரஞ்சுல ஒண்ணு இருக்காது," என்றாள்.

"டேப்பே இன்னும் பிரிக்கல. அதுக்குள்ள ஜோசியமா?" என்று ஜனெல் கத்தரிக்கோலை எடுத்தாள்.

பிரித்து, மேசைமேல் கொட்டி, நிறம் நிறமாகப் பிரித்து எண்ணினாள். மறுபடி எண்ணினாள். ஆரஞ்சில் ஒன்று இல்லை.

அவ்வளவுதான், அவள் முகம் சிவந்துவிட்டது.

"பாவி! சர்ச்சுல நின்னுக்கிட்டு சத்தியம் பண்ணினாளே!"

"அவ சத்தியம் பண்ணினா. நம்பின சோணகிரி யாரு?" என்றேன். சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

"நீ வாயை மூடு!" என்று போனை எடுத்தாள். விற்றவளின் எண்ணை அழுத்தினாள். இது ஒரு கட்டைக்காக இல்லை என்று எனக்கே புரிந்தது. ஐந்து பெட்டிகளின் கோபமும் என் மஞ்சள் பஸ்ஸும் சேர்ந்து, யாரோ ஒருத்தியின் தலையில் விடியப்போகிறது.

மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே டாபிதா மாடிக்கு ஓடித் திரும்பி வந்தாள். மூடிய கையை மேசைமேல் வைத்துத் திறந்தாள்.

ஆரஞ்சுக் கட்டை. ஓரமெல்லாம் தேய்ந்து, நிறம் மங்கியிருந்தது.

"இது நம்ம பெட்டிம்மா. அடி மூலையில பாரு, பார்னி கடிச்சது. நீ வித்தப்ப நான் ஒண்ணை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டேன்."

பெட்டியைப் புரட்டிப் பார்த்தேன். எங்கள் நாயின் பல்தடம் மூலையில் இருந்தது. டாபிதா முதன்முதலில் கணக்குப் படித்த பெட்டி. "விளையாட்டெல்லாம் கணக்கு ஆகுமா" என்று யாரோ சொன்னார்கள் என்று அந்த வருட மே மாதமே விற்றுவிட்டோம்; அடுத்தடுத்து வந்த பெட்டிகளில் எங்களுக்கு அது மறந்தே போனது. டாபிதா அன்றைக்கு அழுதாளா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

"ஹலோ? ஹலோ?" என்றது போன்.

"ஒண்ணுமில்லைங்க. எல்லாம் சரியா இருக்கு," என்று ஜனெல் வைத்துவிட்டாள்.

டாபிதா அதற்குள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஏழுக்கான கறுப்புக் கட்டைகள் நான்கை வரிசையாக அடுக்கினாள். அவற்றின் கீழே பத்துக்கான ஆரஞ்சு இரண்டு, எட்டுக்கான பழுப்பு ஒன்று. இரண்டு வரிசையும் ஒரே நீளம். "நாலேழு இருபத்தெட்டு," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். முந்தாநாள் இதே நாலேழுக்குத்தான் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து அழுதாள்.

ஜனெல் அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை எப்பம்மா விப்பே?" என்று டாபிதா கேட்டாள். கோபமே இல்லை, மழை வருமா என்று கேட்கிற குரல். "முன்னாடியே சொல்லிடு. எல்லாக் கலர்லயும் ஒண்ணொண்ணு எடுத்து வச்சுக்கிறேன்."