முதல் காய்ப்பு

"கூடையைக் கீழ வையும்மா. யாரும் தூக்கிட்டு ஓடிட மாட்டாங்க" என்றார் அதிகாரி மாதேஸ்வரன்.

லூர்து மேரி வைக்கவில்லை. பழைய சேலையால் மூடிய கூடையை நல்லம்பள்ளியிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவள், இங்கேயும் இறக்குவதாக இல்லை.

பாலக்கோட்டில் புதிதாகத் திறந்திருந்த குளிர்பதனக் கிடங்கின் வாசலில் அன்று செயல்விளக்கம். ஜவ்வரிசிக் கஞ்சியில் கொஞ்சம் மெழுகைக் கலந்து மாம்பழத்தின் மேல் பூசுவதற்கு, 'உண்ணத்தகு மேற்பூச்சுத் தொழில்நுட்பம்' என்று பேனர் கட்டியிருந்தார்கள். வைகாசி வெயிலில் அதிகாரி கோட்டு போட்டிருந்தார். தொழில்நுட்பம் என்றால் சும்மாவா?

"நமக்கு ஊத்தாத கஞ்சிய மாங்காய்க்கு ஊத்தறாங்கப்பா" என்றார் பின்வரிசை விவசாயி சென்றாயன்.

அதிகாரி மைக்கைத் தட்டினார். "சிரிக்காதீங்க! பறிச்ச பிறகும் பழம் மூச்சு விடுது. பூச்சு அதை மட்டுப்படுத்தும். மிச்சத்தைக் குளிர் பார்த்துக்கும். கெட்டுப்போறதுங்கற பேச்சுக்கே இடமில்லை!"

"நாலு நாளு தாங்குங்களா, சார்?" லூர்து மேரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டாள்.

"நாலு நாளா! மூணு வாரம் தாங்கும்."

"நெறம் மாறாதுங்களா?"

"இப்ப எப்படியோ அப்படியே இருக்கும். யாருக்கும்மா?"

"எங்க வூட்டுக்காரருக்குங்க. மிலிட்டிரியில, அஸ்ஸாமுல இருக்காரு. இன்னும் ஒருக்காகூடப் பாக்கலீங்க. காயிதத்துக்குக் காயிதம் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நேத்துத் தந்தி குடுத்தாச்சு. அவரு பொம்மிடியில வந்து எறங்கற வரைக்கும் இருந்தாப் போதுங்க."

"மாம்பழத்துக்குத் தந்தியா!" அதிகாரி மைக்கிலேயே சிரித்தார். கூட்டமும் சேர்ந்து சிரித்தது. "முதல் காய்ப்போ?"

"மொதல்தானுங்க."

மாதேஸ்வரனுக்கு அது போதும். எல்லையில் துப்பாக்கி பிடிக்கும் ஜவான், அவர் தன் கையால் நட்ட கன்று, அதன் முதல் கனியைக் காத்துக் கொடுக்கப்போகும் விஞ்ஞானம் என்று முழங்கித் தள்ளிவிட்டார். கன்று நட்டதாக அவரிடம் யாரும் சொல்லவில்லை. மைக் கையில் இருந்தால் அதெல்லாம் தானாக வரும்.

கைதட்டல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். "உள்ள வச்சுக்குவீங்கதானே, சார்? நானும் இங்கயே வாசல்ல படுத்துக்கறேன். தனியா விட்டுட்டுப் போவ மனசு வரலீங்க."

"நீ எதுக்கும்மா படுக்கணும்? இனிமே இது சர்க்கார் பொறுப்பு!" அதிகாரி பிரஷைக் கஞ்சியில் முக்கி எடுத்தார். "முதல் பூச்சை நானே பூசறேன். போட்டோகிராபர், ரெடியா?"

போட்டோகிராபர் நெருங்கி வந்தார். சென்றாயன்கூட எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்.

அதிகாரி கேமராவைப் பார்த்துச் சிரித்தபடியே பிரஷ் இருந்த கையாலேயே சேலை முனையைப் பிடித்து, மறு கையிலிருந்த மைக்கில் கேட்டார்: "சொல்லும்மா, என்ன ரகம்? மல்கோவாவா?"

அவர் நீட்டிய மைக்கில் அவள் பதில் எல்லோருக்கும் கேட்டது.

"ஆம்பளப் புள்ளைங்க, சார்."