வெளிநாட்டு வரவு

"மகனப் பக்கத்துல நிக்க வச்சிக்கிட்டே வருமானம் இல்லங்குறீங்களே, நாங்க என்ன காதுல பூ வச்சிருக்கமா?"

துணை தாசில்தார் அய்யம்பெருமாள் கேட்டதும் ஆபீசே திரும்பிப் பார்த்தது. குல்சும் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் ஆஸ்பத்திரி ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி நின்ற இளைஞன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

குல்சுமின் வீட்டுக்காரர் பீர் முகமது, லெப்பைக்குடிக்காட்டில் பூட்டு ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். இப்போது திருச்சி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இதயத்தில் வால்வு மாற்ற ஒன்றேகால் லட்சம் ஆகும். வருட வருமானம் இருபத்து நாலாயிரத்துக்குள் என்று தாலுகா ஆபீசில் சான்று கொடுத்தால் அரசாங்கமே அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளும். வெள்ளிக்கிழமைக்குள் சான்று போகாவிட்டால் அடுத்த முறை மூன்று மாதம் கழித்துத்தான். அதுவரை தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முன்பெல்லாம் வி.ஏ.ஓ. வந்து வீட்டை எட்டிப் பார்த்து எழுதினால் போதும். அந்த வருடம்தான் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதன் பிறகு மனிதர் சொன்னால் சந்தேகம், அது சொன்னால் வேதவாக்கு.

"சுகன்யா, இன்னொரு தடவ படிம்மா."

ஆபரேட்டர் சுகன்யா திரையைப் பார்த்துப் படித்தாள். "ரேஷன் கார்டுல மூணு பேரு சார். பீர் முகமது, குல்சும், மகன் உபைத். மகனுக்கு வயசு இருபத்தாறு, சவூதியில வேலை." பிறகு பேங்கிலிருந்து வாங்கி வந்திருந்த கம்ப்யூட்டர் தாளை எடுத்தாள். "இந்தம்மா கணக்குல மாசம் மூவாயிரம், வெளிநாட்டு வரவுன்னு ஏறியிருக்கு. பதினாலு மாசமா."

"வருசத்துக்கு முப்பத்தாறாயிரம் ஆச்சு. நான் எப்படிம்மா கையெழுத்துப் போடுறது?"

"அதுலேர்ந்து அஞ்சு பைசா நான் தொட்டதில்ல சார். அதுலயே பாருங்க."

சுகன்யா பார்த்தாள். "ஆமா சார், எடுக்கவே இல்ல. நாப்பத்திரெண்டாயிரம் அப்படியே கெடக்கு."

"தொடாட்டி வருமானம் இல்லன்னு ஆயிடுமா?"

இளைஞன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

"எடுத்துக்குங்கம்மா. ஒங்களுக்குன்னுதான மாசாமாசம் அனுப்புறேன்? பாக்கிக்கு நான் எங்கயாச்சும் பொரட்டுறேன். ஐயாவக் காப்பாத்தணும்மா."

"வேணாம் தம்பி."

"லீவு முடிஞ்சு நான் போறதுக்குள்ள..."

"நேத்து ரத்தம் குடுத்த, வாங்கிக்கிட்டோம். இன்னிக்கி என்கூட அலையுற, வேணாங்கல. காசு மட்டும் வேணாம்."

அய்யம்பெருமாளுக்குக் கோபம் போய் ஆற்றாமை வந்துவிட்டது. அவருடைய ஒரே பையன் மெட்ராசில் இருக்கிறான். தீபாவளிக்கு ஒரு போன், அவ்வளவுதான்.

"இப்படி ஒரு புள்ள கெடைக்க குடுத்து வச்சிருக்கணும்மா. எம்பையன் எனக்கு ஒரு வேட்டி எடுத்துக் குடுத்ததில்ல."



மனிதர் சட்டம் பேசினாலும் கல்நெஞ்சக்காரர் இல்லை. குரலைத் தணித்து ஒரு வழி சொன்னார். "சரி, ஒண்ணு பண்ணுங்க. மகன் தனியாப் போயிட்டான், கார்டுலேர்ந்து பேர எடுத்துருங்கன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க. இந்தப் பணத்தச் சேக்காம நான் சான்று போட்டுத் தரேன். இன்னிக்கே வாங்கிட்டுப் போயிரலாம்."

ஒரு வரி எழுதினால் போதும், புருஷன் பிழைத்துவிடுவார். சுகன்யாவே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினாள். குல்சும் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். பிறகு மேசை மேலேயே வைத்துவிட்டாள்.

"அவன் பேரு அதுல இருந்துட்டுப் போவட்டும் சார். அத மட்டும் எடுக்கச் சொல்லாதீங்க."

"பணமும் வேணாம், பேரையும் எடுக்க மாட்டீங்க. அங்க மனுசன் உசுருக்குப் போராடுறாரு, இங்க என்னம்மா வீம்பு?"

"வீம்பு இல்ல சார். மன்னிச்சுட்டேன்னு ஜமாத்துல எல்லாரு முன்னாடியும் எழுதிக் குடுத்திருக்கேன். இந்தக் காச எடுத்தா அதுக்கு வெல வாங்குன மாதிரி ஆயிடும். அவங்க அத்தாவும் ஆஸ்பத்திரியில படுத்தபடி அதையேதான் சொன்னாக."

அய்யம்பெருமாளுக்கு விஷயம் புரிந்துவிட்டது போல இருந்தது. சவூதியில் இருக்கிற பையன், ஜமாத்து வரை போன தகராறு, காதல் கல்யாணமாகத்தான் இருக்கும். எந்த வீட்டில்தான் இல்லை?

"சின்னஞ்சிறுசுங்க, தப்புப் பண்ணத்தான் செய்யும். பெத்தவங்கதான் பொறுத்துப் போவணும். மன்னிச்சுட்டு அப்புறமும் காச வாங்க மாட்டேன்னா, பாவம், அவன் மனசு என்ன பாடுபடும்?"

இளைஞன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

"சொல்லிடுங்கம்மா" என்றான்.

நாலு பேர் நடுவில் இதைச் சொல்லக்கூடாது என்றுதான் அவள் காலையிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் இறங்கி மேசையிலிருந்த தாளில் விழுந்தது.

அய்யம்பெருமாள் விடவில்லை. "அப்படி என்னதாம்மா பண்ணிட்டான் இவன்?"

"எம்மவன் மேல லாரிய ஏத்திட்டான் சார்."