முதலில் வாசல் மிதிப்பவள்

தெத் புத்தாண்டுக் காலையில் வீட்டுக்குள் முதலில் கால் வைப்பவரின் ராசிதான் வருடம் முழுக்க அங்கே தங்கும் என்பது வியட்நாமியர்களான எங்கள் நம்பிக்கை. ஹூஸ்டனில் இப்போது அந்த ராசியைக் கதவே சொல்லிவிடுகிறது. வேலை, உடம்பு, கல்யாணம் எல்லாவற்றையும் விரலில் கிடக்கும் மோதிரத்திலிருந்து படித்து மதிப்பெண் போடுகிறது.

தூயும் நானும் இரட்டையர். அவளுக்குத் தொண்ணூற்றொன்று. விவாகரத்தான இந்தக் கிம்முக்கு முப்பத்துநான்கு. அம்மாவுக்குப் பார்வை மங்கியதிலிருந்து தினமும் வந்து குளிப்பாட்டுவதும் கஞ்சி ஊட்டுவதும் நான்தான். ஆனாலும் தெத் என்றால் டொரன்டோவிலிருந்து தூய் வந்து இறங்க வேண்டும். அவள் உள்ளே போகும்வரை நான் காரில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இந்த வருடம் என் வீட்டில் அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் மோதிரத்தைக் கழற்றி என் விரலில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

"தூய். தொண்ணூற்றொன்று," என்றது அம்மா வீட்டுக் கதவு.

அம்மா சுவரைப் பிடித்தபடி விறுவிறுவென்று வந்தாள். எனக்காக அவள் அப்படி நடந்ததே இல்லை. என் கன்னங்களை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள்.

"வா கண்ணு. கிம் எங்க?"

"இன்னும் வரலம்மா."

"நல்லதாப் போச்சு. இன்னிக்கு அவ மூஞ்சியில முழிச்சிடக் கூடாதேன்னு எனக்கு ஒரே பயம். அவ மெதுவா வரட்டும்."

"அவ இனிமே வர மாட்டாம்மா," என்றேன்.