கைக்குட்டை போட்ட இடம்

இலவச டயாலிசிஸ் நிலையத்தின் பழைய பெஞ்சில், நன்கொடை கேட்டு அச்சடித்த புதுக் கடிதம் ஒன்று கிடந்தது.

"இன்னொரு மெஷின் வாங்கத்தான் என்னை அனுப்பப்போறாங்க. நாலாயிரம் சிகிச்சைன்னு போட்டிருக்கு, பார்த்தியா?" என்றது பெருமையாக.

"அதுல செண்பகவல்லி இருக்காளா?" என்று பெஞ்சு கேட்டது.

"யாரு அது?"

"செவ்வாய்க்கிழமையானா முதல் ஆளா வந்து, பக்கத்துல கைக்குட்டை போட்டு, கூட சிகிச்சைக்கு வர்ற தோழி ரஹ்மத்துக்கு இடம் பிடிப்பா. இருக்கிறது ஒரே மெஷின். முறை வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் சிரிக்கிற சிரிப்புல என் காலே ஆடும்."

"இப்போ?"

"செண்பகவல்லி போய்ச்சேர்ந்து ஆறு மாசமாச்சு. இப்ப ரஹ்மத்துதான் முதல்ல வர்றா. பக்கத்துல கைக்குட்டை போட்டுட்டுத்தான் உட்கார்றா. யாரும் எடுக்கச் சொல்றதில்லை."

கடிதம் மெல்லப் புரண்டு படுத்தது.

"அந்தக் கைக்குட்டையைப் பத்தி எழுத, என் பின்பக்கம் முழுசும் காலியாத்தான் கிடக்கு," என்றது.